ஆக்சிஜன் சென்சாரை நாமே மாற்றுவது: வாங்கும் முன், கழற்றும் முன், மாட்டிய பின்

என் காரில் எரியத் தொடங்கிய செக் எஞ்சின் விளக்கு அணைவதற்கு ஆறு வாரம் ஆனது. வேலை தெரிந்தவர் கையில் இது ஒரு மணி நேரச் சமாச்சாரம். அந்த ஆறு வாரத்தில் தேவையே இல்லாத ஒரு சென்சாரை வாங்கினேன். மாற்ற வேண்டிய சென்சாரின் தலையைத் தப்பான ஸ்பேனர் போட்டு ஸ்லிப் ஆக்கினேன். எல்லாம் முடிந்த மறுநாளே புகைச் சோதனைக்குப் போய், 'இன்னும் தயாராகவில்லை, பிறகு வாருங்கள்' என்று கேட்டுத் திரும்பினேன். மூன்றுமே கொஞ்சம் விசாரித்திருந்தால் நடந்திருக்காது. உங்களுக்கு நடக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இது பெட்ரோல் காருக்கானது. இந்த சென்சார் என்ன செய்கிறது என்பதை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் எச்சரிக்கைகள் எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. எரிந்து வெளியே போகும் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது என்று அது அளக்கிறது. அதைப் பார்த்துத்தான் எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று (எடைக் கணக்கில்) என்பது அதன் இலக்கு. சென்சாரின் உள்ளே இருப்பது பீங்கான் போன்ற ஒரு பொருள். கீழே விழுந்தால் விரிசல் விடும். சுமார் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் அது வேலை செய்யும், அதற்காக உள்ளேயே ஒரு சின்ன ஹீட்டர் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க வெளிக்காற்றும் வேண்டும். பல சென்சார்களில் அந்தக் காற்று வயரின் இழைகளுக்கு நடுவேதான் உள்ளே போகிறது.

1. கோளாறு எண்ணை (கோடு) படியுங்கள், அழிக்காதீர்கள்

ஸ்டீயரிங்குக்குக் கீழே, டாஷ்போர்டின் அடிப்பக்கத்தில் 16 துளை உள்ள ஓபிடி சாக்கெட் இருக்கும். எஞ்சின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கும் கோளாறு எண்ணை, அதாவது கோடை, அதன் வழியாகத்தான் படிக்க வேண்டும். போனோடு ப்ளூடூத்தில் இணையும் சின்ன ஸ்கேனர் ஒன்றே போதும். ஒரு நல்ல சென்சாரின் விலையைவிட அது பெரும்பாலும் மலிவு. ஆனால் கோடு மட்டும் காட்டும் ஸ்கேனரை வாங்காதீர்கள். ஓடும்போது வரும் அளவுகளையும் காட்ட வேண்டும். அது இல்லாவிட்டால் மூன்றாம் படியில் மாட்டிக்கொள்வீர்கள்.

வந்த கோடையும் அதோடு சேமிக்கப்பட்டிருக்கும் 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' விவரங்களையும் போட்டோ எடுத்து வையுங்கள். அது அந்தக் கோடு விழுந்த நேரத்தில் எஞ்சின் எவ்வளவு சூடாக இருந்தது, என்ன வேகத்தில் ஓடியது என்ற குறிப்பு. 'அழித்துப் பார்ப்போம், திரும்ப வருகிறதா என்று' என்று ஆரம்பத்திலேயே அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

பி0130 முதல் பி0135 வரை வந்தால் எஞ்சினின் முதல் பக்கத்தின் முதல் சென்சார் (எது எங்கே என்று இரண்டாம் படியில் சொல்கிறேன்). பி0136 முதல் பி0141 வரை அதே பக்கத்தின் இரண்டாவது. பி0150 முதல் பி0155 வரையும், பி0156 முதல் பி0161 வரையும் இரண்டாம் பக்கத்தின் முதல், இரண்டாம் சென்சார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசி எண் ஹீட்டர் சர்க்யூட்டைக் குறிக்கும். எனக்கு வந்தது பி0135.

இப்போது பொறி. பி0171 (கலவையில் பெட்ரோல் குறைவு), பி0172 (பெட்ரோல் அதிகம்), பி0420 (புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை) என்ற மூன்றில் ஒன்று வந்தால் உடனே சென்சார் வாங்க ஓடாதீர்கள். எங்கோ காற்று ஒழுகுகிறது, பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் கசிகிறது, கன்வெர்ட்டர் தேய்ந்துவிட்டது, அதைச் சென்சார் சரியாகவே சொல்லிக்கொண்டிருக்கலாம். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்ற கதைதான். புது சென்சாரும் அதையே சொல்லும், அதற்கும் சேர்த்துக் காசு கொடுத்திருப்பீர்கள்.

விளக்கு விட்டுவிட்டு மின்னினால் கதை வேறு. எஞ்சின் மிஸ்ஃபயர் ஆகிறது, அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள். வண்டியை ஓட்டாதீர்கள். நிலையாக எரிந்தால், வண்டி ஒழுங்காக ஓடுகிறதென்றால், சில நாள் தாங்கும். ஆனால் மாதக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது. சென்சார் சொல்வது கிடைக்காதபோது கம்ப்யூட்டர் குத்துமதிப்பாகப் பெட்ரோல் ஊற்றும். மைலேஜ் இறங்கும். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அதையும் கெடுக்கலாம். அதன் விலை சென்சாரைப் போலப் பல மடங்கு.

2. எந்த சென்சார் என்று இடத்தைக் கண்டுபிடியுங்கள்

'பேங்க் 1' என்றால் எஞ்சினின் ஒன்றாம் எண் சிலிண்டர் இருக்கும் பக்கம். இடது, வலது என்று அர்த்தமில்லை. ஒரே வரிசையில் நான்கு சிலிண்டர் உள்ள சாதாரண எஞ்சினில் பொதுவாக ஒரே பக்கம்தான், குழப்பமில்லை. வி6, வி8 என்றால் ஒன்றாம் சிலிண்டர் எந்தப் பக்கம் என்று அந்த எஞ்சினின் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்தே ஆக வேண்டும். ஊகிக்காதீர்கள்.

'சென்சார் 1' கன்வெர்ட்டருக்கு முன்னால், எஞ்சினுக்கு அருகில் இருப்பது. 'சென்சார் 2' கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருப்பது. முதலாவது பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கிறது. இரண்டாவதின் முக்கிய வேலை கன்வெர்ட்டரைக் கண்காணிப்பது.

நான் சறுக்கிய இடம் இதுதான். கடையில் போய் மாடல் பெயரைச் சொல்லி ஆக்சிஜன் சென்சார் கேட்டேன். முன்னாலா பின்னாலா என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் வயர் ஒரு முழம் நீளமாக இருந்தது. பின்னால் இருப்பதற்கானது. பெட்டியைப் பிரித்துவிட்டதால் திருப்பி எடுக்கவில்லை. இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

காருக்கு அடியில் டார்ச் அடித்து, மாற்ற வேண்டிய சென்சாரைக் கண்ணால் பாருங்கள். அதன் வயரைப் பின்தொடர்ந்து போய்க் கப்ளர் (அந்த வயரைக் காரின் வயரோடு இணைக்கும் பிளக்) எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். சில கார்களில் முன் சென்சார் பானெட்டைத் திறந்தாலே தெரியும். சிலவற்றில் ஹீட் ஷீல்டு தகட்டைக் கழற்றினால்தான் தெரியும். பின் சென்சாரின் கப்ளர் சில கார்களில் உள்ளே, சீட்டுக்கோ கார்பெட்டுக்கோ அடியில்கூட இருக்கும். ஸ்பேனர் சுற்ற எவ்வளவு இடம் இருக்கிறது என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

3. கெட்டது சென்சார்தானா?

இந்தப் படியைத் தாண்டிக் குதித்தால் பணம் போகும். வரிசையாகச் செய்யுங்கள், சுலபமானது முதலில்.

ஃபியூஸ். ஹீட்டருக்குப் போகும் ஃபியூஸ் போயிருந்தால் ஹீட்டர் கோடு வரும். ஒரே சமயத்தில் இரண்டு சென்சாருக்கும் ஹீட்டர் கோடு வந்தால் முதல் சந்தேகம் ஃபியூஸ் மேல்தான் விழ வேண்டும், இரண்டும் ஒரே நாளில் சாவது அபூர்வம்.

வயர். சூடான குழாயில் பட்டு உருகியிருக்கலாம். கப்ளரைப் பிரித்துப் பின்களைப் பாருங்கள். பச்சை படிந்திருக்கிறதா, வளைந்திருக்கிறதா, ஈரம் உண்டா?

ஹீட்டர். எஞ்சின் முழுதும் ஆறியபின், கப்ளரைப் பிரித்து, சென்சார் பக்கத்து முனையில் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். நான்கு வயர் உள்ள சென்சாரில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு வயர் பெரும்பாலும் ஹீட்டருடையவை. நல்ல ஹீட்டர் வகையைப் பொறுத்து ஏறக்குறைய 2 முதல் 16 ஓம் வரை காட்டும். துல்லியமான அளவு சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். எதுவுமே காட்டாமல் திறந்த சர்க்யூட் என்று காட்டினால் ஹீட்டர் அறுந்துவிட்டது, சென்சாரை மாற்ற வேண்டியதுதான். என்னுடையது அப்படித்தான் காட்டியது. சரியான அளவு காட்டினால் சென்சாரை விடுங்கள். காரின் பக்கத்து முனையில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். சில கார்களில் எஞ்சின் ஓடும்போது மட்டும்தான் அது வரும்.

சிக்னல். இதற்குத்தான் ஓடும் அளவுகளைக் காட்டும் ஸ்கேனர். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, 2500 ஆர்பிஎம் அளவில் பிடித்து வைத்து முன் சென்சாரைப் பாருங்கள். பழைய வகை சென்சார் என்றால் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையில் மேலும் கீழுமாகத் துள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், பத்து வினாடிக்குள் பலமுறை. மெதுவாக அசைந்தால் கிழடாகிவிட்டது. பி0133 கோடு சொல்வது அதைத்தான். ஒரே இடத்தில் நின்றுவிட்டால் சென்சாரோ வயரோ செத்திருக்கலாம், அல்லது கலவை உண்மையிலேயே தப்பாக இருக்கலாம். பின் சென்சார் நேர் எதிர். அது 0.6, 0.7 வோல்ட் அருகே அமைதியாக இருக்க வேண்டும். அசையவில்லையே, கெட்டுவிட்டது என்று நல்ல பின் சென்சாரைக் கழற்றியவர்கள் உண்டு.

உங்கள் காரில் முன் சென்சாருக்கு ஐந்து அல்லது ஆறு வயர் இருந்தால் அது வைட்பேண்டு வகை. நான்கு வயரிலும் அந்த வகை உண்டு. அதற்கு மேலே சொன்ன வோல்ட் கணக்கு பொருந்தாது. ஸ்கேனரில் லாம்ப்டா மதிப்பு (காற்று-பெட்ரோல் கலவை இலக்கில் இருந்தால் 1) 1-க்குப் பக்கத்தில் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கடைசியாகக் குழாய் ஒழுகல். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்டில் ஓட்டையோ தளர்ந்த இணைப்போ இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, ஆக்சிஜன் அதிகம் என்று சென்சார் தவறாகச் சொல்லும். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது 'டிக் டிக்' அல்லது 'புஸ்' சத்தம் கேட்கிறதா, இணைப்புகளில் கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த அளவுகளையெல்லாம் ஒரு தாளில் தேதியோடு எழுதி வையுங்கள். நீங்களே முடிக்காமல் ஒர்க்ஷாப்புக்குப் போனாலும் அந்தத் தாள் கையில் இருந்தால் 'எதையாவது மாற்றிப் பார்ப்போம்' என்ற பேச்சு குறையும்.

4. வாங்குவது: கையில் என்ன இருக்க வேண்டும், எதற்குச் செலவழிக்கலாம்

முதல் வேலை, கார் இன்னும் வாரன்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எதையும் தொடாமல் நேராக அங்கே போங்கள்.

இல்லையென்றால் கடைக்கோ இணையத்துக்கோ போகும்போது இவை கையில் இருக்கட்டும்: காரின் சேசிஸ் எண், தயாரித்த ஆண்டும் மாதமும், எஞ்சின் வகை, 'பேங்க் 1 சென்சார் 1' என்பது போன்ற முழு விலாசம், பழைய சென்சாரின் மேல் பொறித்திருக்கும் பார்ட் எண், கப்ளரின் போட்டோ. ஒரே மாடலில் பாதி வருடத்தில் சென்சாரை மாற்றிய கம்பெனிகள் உண்டு, அதனால்தான் மாதம் வரை கேட்கிறேன். பார்ட் எண் துருவில் மறைந்திருந்தால் சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் காட்டலாக்கில் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு வகை விற்கிறார்கள். ஒன்று உங்கள் காரின் கப்ளரோடு, சரியான வயர் நீளத்தோடு வருவது. மற்றது 'யுனிவர்சல்', வயர் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். பழைய கப்ளரை வெட்டி நாம்தான் இணைக்க வேண்டும். யுனிவர்சல் மலிவு. ஆனாலும் முதல்முறை செய்கிறவருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நிறம் மாற்றி இணைத்தால் புது சென்சாரோடு வேறு எதுவும் சேர்ந்து போகலாம். வயரை ஈயம் வைத்துப் பற்றவும் கூடாது. ஆரம்பத்தில் சொன்ன அந்த வெளிக்காற்று ஈயத்தால் அடைபட்டுவிடும். கூடவே வரும் கிரிம்ப் (அழுத்திப் பிடிக்கும்) இணைப்புகளைத்தான் பயன்படுத்த வேண்டும்.

பாஷ், டென்சோ, என்டிகே ஆகியவை கார் கம்பெனிகளுக்கே சென்சார் செய்து கொடுக்கிறவை. உங்கள் காரில் முதலில் இருந்தது எந்தப் பெயரோ அதையே வாங்குவதுதான் என் பழக்கம். கார் கம்பெனியின் பெட்டியில் வரும் அதே சென்சார் பெரும்பாலும் கூடுதல் விலை. வழக்கமான விலையில் பாதிக்கும் கீழே யாராவது கொடுத்தால் போலியாக இருக்க வாய்ப்பு அதிகம். பேர் தெரியாத மலிவுச் சரக்கை வாங்கினால் சில மாதத்தில் அதே கோடு திரும்ப வரலாம். அப்போது கழற்றும் வேலையையும் திரும்பச் செய்ய வேண்டும்.

பணம் கொடுக்கும் முன் ஒரு கேள்வி: பிரித்தால் திருப்பி எடுப்பீர்களா? மின் பாகங்களைப் பல கடைகள் எடுப்பதில்லை. ஆகவே சீலை உடைக்காமலே பெட்டி மேல் உள்ள எண்ணை ஒப்பிடுங்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். சென்சாருக்கென்று தனியாக வாரன்டி இருக்கும். சிலர் அதற்கு மாட்டிய தேதியும் கிலோமீட்டரும் கேட்பார்கள், பில்லின் பின்னாலேயே குறித்து வையுங்கள்.

'நான்கையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்' என்று சொல்வார்கள். கேட்காதீர்கள். ஹீட்டர் உள்ள சென்சார் ஏறக்குறைய 1,60,000 கிலோமீட்டர் உழைக்கக்கூடியது. வி எஞ்சினில் அந்தத் தூரத்தைத் தாண்டி ஒரு முன் சென்சார் போனால் இன்னொரு பக்கத்து முன் சென்சாரையும் மாற்றலாம், அதில் நியாயம் இருக்கிறது. நல்லபடியாக இருக்கும் பின் சென்சாரை மாற்றுவதில் எந்த நியாயமும் இல்லை.

கருவிகளில் செலவழிக்க வேண்டியது ஒன்றில்தான்: 22 மி.மீ. ஆக்சிஜன் சென்சார் சாக்கெட். வயர் நுழைய ஒரு பக்கம் வெட்டு இருக்கும். ஒரே ஒருமுறைதான் தேவை என்றால் தெரிந்த மெக்கானிக்கிடம் இரவல் கேளுங்கள். அதோடு நீளக் கைப்பிடி, துரு இளக்கும் ஸ்ப்ரே, கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி. அடியில் படுக்க வேண்டியிருந்தால் ஜாக் ஸ்டாண்டு இரண்டு. இவை எல்லாவற்றையும் புதிதாக வாங்கினால் ஒர்க்ஷாப் கூலியைவிட அதிகமாகிவிடும். கருவி ஏற்கனவே இருந்தால், அல்லது இனியும் உதவும் என்றால்தான் சொந்தமாகச் செய்வது லாபம். அடிப்பக்கம் முழுதும் துருவேறிய பழைய கார் என்றால் கணக்கே போடாமல் கூலியைக் கொடுத்துவிடுங்கள்.

5. நாள் குறிப்பது

மறுநாள் அவசரமாகக் கார் தேவைப்படும் நாளில் தொடங்காதீர்கள். ஏதாவது உடைந்தால் ஓடிப்போய் வாங்க கடைகள் திறந்திருக்கும் நாளாக, காலை நேரமாக இருக்கட்டும். சுலபமாகக் கழன்றால் முக்கால் மணி. கழலாவிட்டால் அரை நாள். முதல்முறை என்றால் அரை நாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முந்தைய இரவே எஞ்சின் நன்றாக ஆறியபின் சென்சார் குழாயில் இறங்கும் இடத்தில் துரு இளக்கும் ஸ்ப்ரேயை அடித்து ஊற விடுங்கள். சூடான குழாயில் அடித்தால் தீப்பிடிக்கும்.

6. கழற்றுவது

காரைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். தூக்க வேண்டியிருந்தால் ஜாக்கியால் தூக்கி, எடையை ஸ்டாண்டில் இறக்கிய பிறகுதான் அடியில் போக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு நிமிடம்கூடத் தலையை உள்ளே விடாதீர்கள்.

சாவியை எடுத்துவிட்டால் கப்ளரைப் பிரிக்கலாம். பேட்டரி வயரைக் கழற்று என்று உங்கள் சர்வீஸ் புத்தகம் சொன்னால் கழற்றுங்கள், ரேடியோ கோடு கேட்கும் கார் என்றால் அதை முதலில் தேடி வைத்துக்கொண்டு. கப்ளரின் பூட்டை அழுத்தி இழுக்க வேண்டும், வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. பழைய பிளாஸ்டிக் என்றால் பூட்டு பொட்டென்று உடையும், பொறுமை. வயர் எந்தெந்தக் கிளிப்பில் போகிறது என்று ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

எஞ்சினை ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, கை வைக்கத் தாங்கும் அளவுக்கு ஆறவிட்டுத் திருப்புவது நல்லது. வெதுவெதுப்பாக இருக்கும்போது உலோகம் கொஞ்சம் இளகிக்கொடுக்கும். ஓட்டுவதென்றால் கப்ளரைப் பிரிக்கும் முன்பே ஓட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் புதுக் கோடு ஒன்று சேரும். காரைத் தூக்குவதும் எஞ்சினை நிறுத்திய பிறகுதான். ஓடி முடித்த உடனே எக்ஸாஸ்டைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். கையுறை போட்டிருந்தாலும் முழங்கை போடவில்லை, எனக்குத் தழும்பு இருக்கிறது.

இனி ஸ்பேனர். ஓபன் ஸ்பேனரைத் தொடாதீர்கள். நான் தொட்டேன், இரண்டாவது இழுப்பில் முனைகள் மழுங்கின. வெட்டு உள்ள சாக்கெட்டும் பிடிவாதமான சென்சாரில் வாய் பிளக்கும். அப்படிப் பிளந்தால், புது சென்சார் சரியானதுதான் என்று ஒப்பிட்டு உறுதி செய்துகொண்டு, பழையதின் வயரை வெட்டிவிடுங்கள். அப்போது முழு வட்டமான 22 மி.மீ. ரிங் ஸ்பேனரோ ஆழமான ஆறுமுனை சாக்கெட்டோ போடலாம். அதுதான் என்னைக் காப்பாற்றியது. உறுதி செய்யும் முன் வெட்டினால் கார் நகராது என்பதல்ல, ஆனால் திரும்ப மாட்ட ஒன்றும் இருக்காது.

முதலில் இறுக்கும் பக்கம் ஒரு துளி அழுத்துங்கள். துருவின் பிடி சில நேரம் அப்போதுதான் விடும். பிறகு இடப்புறம், சீராக. அசைந்துவிட்டது என்று ஒரேயடியாகச் சுற்றாதீர்கள். கால் சுற்று கழற்றி, கொஞ்சம் திரும்ப உள்ளே, மறுபடி வெளியே. குழாய் ஆறியிருந்தால் நடுநடுவே ஸ்ப்ரே. வெளியே வர வர இலகுவாக வேண்டும். அதற்குப் பதில் இறுகிக்கொண்டே போனாலோ, வெள்ளிப் பொடி உதிர்ந்தாலோ மரை கிழிகிறது என்று பொருள். அங்கேயே நிறுத்தி ஒர்க்ஷாப்புக்குப் பேசுங்கள். இந்த நிலையில் நிறுத்தினால் மரையைச் சரிசெய்யும் கூலியோடு போகும். தொடர்ந்து முறுக்கினால் குழாயையோ மேனிஃபோல்டையோ மாற்ற வேண்டி வரலாம். கேஸ் பர்னரால் சூடு காட்டுவதைப் பலர் சொல்வார்கள். பெட்ரோல் பைப்பும் பிளாஸ்டிக்கும் பக்கத்தில் இருக்கிற இடம் அது. நான் செய்யவில்லை, நீங்களும் வீட்டில் செய்யாதீர்கள்.

சில கார்களில் மரைக்குப் பதில் இரண்டு நட்டு போட்ட தகட்டில் சென்சார் நிற்கும். அதற்குப் புது கேஸ்கெட் வேண்டும், மறக்காதீர்கள்.

7. பழையதின் முனையைப் பாருங்கள்

வெளிர் சாம்பல் அல்லது பழுப்பு என்றால் வயதாகி ஓய்ந்தது. உலர்ந்த கருங்கரி என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. எண்ணெய் கலந்த படிவு என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. வெள்ளைப் பொடி போலிருந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறதா, அல்லது சமீபத்தில் யாராவது சிலிக்கோன் சீலன்ட் பூசினார்களா என்று பாருங்கள். சிலிக்கோன் இந்த சென்சாருக்கு நஞ்சு. இவற்றுக்கான காரணத்தைச் சரி செய்யாமல் புதியதை மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும்.

8. மாட்டுவது

இது சின்ன வேலை. துளையின் மரையில் துரு இருந்தால் மரை சுத்தம் செய்யும் டேப் கருவியை (ஒட்டும் டேப் அல்ல) உள்ளே திருகி எடுங்கள். பெரும்பாலான சென்சார்கள் எம்18 × 1.5 அளவு, ஆனாலும் உங்களுடையதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். புது சென்சாரின் மரையில் ஆன்டி-சீஸ் பேஸ்ட் (மரை இறுகிப் பிடிக்காமல் தடுப்பது) பூசியே வந்திருந்தால் மேலும் எதுவும் வேண்டாம். பூசாமல் வந்தால் சென்சாருக்கு உகந்த ஆன்டி-சீஸ் பேஸ்ட் மட்டும், மரைக்கு மட்டும், முனையில் படாமல். முனையைக் கையால் தொடாதீர்கள். கப்ளருக்குள் கிரீஸும் வேண்டாம், கிளீனர் ஸ்ப்ரேயும் வேண்டாம். கீழே விழுந்துவிட்டதா? பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அதை நம்பாதீர்கள்.

முதல் சில சுற்று கையால் மட்டும் திருகுங்கள். வயரும் கூடவே சுற்றும், முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எம்18 சென்சாருக்குப் பொதுவாக 40 முதல் 50 நியூட்டன் மீட்டர் இறுக்கம். சர்வீஸ் புத்தகம் வேறு சொன்னால் அதுதான் சரி. வயரைப் பழைய கிளிப்களிலேயே, குழாயில் படாமல் போட்டு, கப்ளரை 'கிளிக்' சத்தம் வரும் வரை தள்ளுங்கள்.

9. மாட்டிய பின்

ஸ்கேனரில் கோடை அழித்து, ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்ப்ரே எரிவதால் சில நிமிடம் லேசாகப் புகையும், அது பயப்படும் விஷயமில்லை. சென்சார் மாட்டிய இடத்தில் புஸ் என்ற சத்தம் இல்லையா என்று கேளுங்கள். சூடானதும் மூன்றாம் படியில் பார்த்த அதே அளவுகளைத் திரும்பப் பார்த்து அதே தாளில் எழுதுங்கள்.

கோடை அழிக்காமல் விட்டாலும் விளக்கு தானே அணையும். தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் சோதனை சரியாக வந்தால் கம்ப்யூட்டரே அணைத்துவிடும்.

புகைச் சோதனைக்கு வருவோம். கோடை அழித்தாலோ பேட்டரியைக் கழற்றினாலோ கம்ப்யூட்டர் தன்னைத் தானே சோதித்த பதிவுகளும் அழியும். ஸ்கேனரில் 'ரெடினெஸ் மானிட்டர்' என்ற பகுதியில் அவை 'தயாரில்லை' என்று காட்டும். ஓபிடி வழியாகச் சோதிக்கிற இடங்களில் இந்த நிலையில் போனால் திருப்பி அனுப்புவார்கள். எனக்கு நடந்தது அதுதான், கட்டணமும் இரண்டுமுறை. இரவெல்லாம் நின்று குளிர்ந்த எஞ்சினில் தொடங்கி, கொஞ்சம் ஐடிலில் விட்டு, ஊருக்குள் நின்று நின்று ஓட்டி, பிறகு நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் கொஞ்ச தூரம் போய், பிரேக் போடாமல் வேகம் தானாகக் குறைய விட்டு வாருங்கள். பெட்ரோல் கால் டேங்குக்கும் முக்கால் டேங்குக்கும் நடுவில் இருந்தால் நல்லது, ஆவிக் கசிவுச் சோதனை அப்போதுதான் ஓடும். சில கார்களுக்கு இரண்டு நாள் போதும், சிலவற்றுக்கு ஒரு வாரத்துக்கும் மேல். சோதனைத் தேதி நெருங்கும்போது சென்சார் வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள், குறைந்தது இரண்டு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். மானிட்டர் எல்லாம் தயார் என்று உங்கள் ஸ்கேனரே காட்டிய பிறகு போங்கள்.

அதே கோடு திரும்ப வந்தால் இன்னொரு சென்சார் வாங்காதீர்கள். ஹீட்டர் ஃபியூஸை மறுபடி பாருங்கள். அது திரும்பவும் போயிருந்தால் வயர் எங்கோ குழாயில் உரசி ஷார்ட் ஆகிறது. ஃபியூஸ் நன்றாக இருந்து, புது சென்சாரின் ஹீட்டரும் சரியான ஓம் காட்டினால், கோளாறு கப்ளரிலிருந்து கம்ப்யூட்டர் வரை உள்ள வயரில் இருக்கிறது, அல்லது கம்ப்யூட்டரிலேயே. அது ஆட்டோ எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டிய வேலை. போகும்போது அந்தத் தாளையும் பில்லையும் பழைய சென்சாரையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள்.